கம்ப்யூட்டர் போட்ட மார்க்

ஆசிரியர் பயிற்சிப் பள்ளிக்குக் கம்ப்யூட்டர் வந்த வருடம் 1988. ஒரே கட்டளையில் மார்க் பட்டியல் கட்டம் போட்டு அச்சாகும்படி செய்தவர் கிளார்க் கஸ்பார்.

நீண்ட லீவு முடிந்து வந்த முதல்வர் சிஸ்டர், அதைத் தன் நோட்டோடு ஒப்பிட்டுப் பதறினார்.

"கஸ்பார், பேரு மட்டும் அகர வரிசைக்கு மாறிருக்கு. மார்க்கு பழைய எடத்துலயே கெடக்கு! முதல் மார்க் வாங்குன செல்வமேரிக்கு ஃபெயில்னு போட்டிருக்கே!"

கஸ்பார் பட்டியலையே வெறித்தார்.

"வெரசா திருத்துங்க. செல்வமேரிய நாளைக்கே கிளாசுக்கு வரச் சொல்லுங்க."

"வரமாட்டா சிஸ்டர்."

"ஏன்?"

"'நல்லாத்தான் எழுதுனேம்ப்பா'ன்னு அழுதா. கம்ப்யூட்டர் பொய் சொல்லுமான்னு அறைஞ்சேன். போன வாரந்தான் பூண்டியில கட்டிக் குடுத்தேன்."