அக்கா சொல்லும் ஊர்

டெக்சாஸில் மாநில வருமான வரி கிடையாது என்று அறிவுச்செல்வி மறுபடியும் சொன்னாள்.

டீப்பாயின் மேல் ஸ்பீக்கரில் போட்டு வைத்திருந்த போனைச் சுற்றி நான்கு பேர் குனிந்திருந்தார்கள். அவளுடைய அப்பா நாச்சிமுத்து, அம்மா சென்னியம்மாள், தாய்மாமன் பூபதி, தங்கை தனப்பிரியா.

நாமக்கல்லில் ஞாயிற்றுக்கிழமை மாலை. அறிவுச்செல்வி இருக்கும் இடத்தில் அதே ஞாயிற்றுக்கிழமை இப்போதுதான் விடிந்திருந்தது.

தனப்பிரியாவுக்கு இரண்டு வரன்கள் வந்திருந்தன. இரண்டு ஜாதகங்களும் பொருந்திவிட்டன. ராசிபுரத்துப் பையனுக்கு டெக்சாஸில் வேலை, அறிவுச்செல்வியின் வீட்டிலிருந்து காரில் போய்விடுகிற தூரம். பரமத்தி வேலூர்ப் பையன் மினசோட்டாவில் இருந்தான். விளக்கு வைப்பதற்குள் பதில் சொல்லிவிடும்படி இரண்டு வீட்டாரும் கேட்டிருந்தார்கள்.

தனப்பிரியா இரண்டு பேரிடமும் பேசிப் பார்த்தாள். இரண்டு பேரும் ஒரே மாதிரி மரியாதையாகப் பேசினார்கள். அதுதான் அவளைப் பயமுறுத்தியது.

அக்கா எந்த ஊரைச் சொல்கிறாளோ அந்த ஊருக்குப் போகிறேன் என்று காலையில் சொல்லிவிட்டாள். அமெரிக்காவில் அவளுக்குத் தெரிந்தது அக்கா ஒருத்தியைத்தான்.

பூபதி விடுவதாக இல்லை.

"பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி எல்லாம் மினசோட்டாவுலதான் நல்லா இருக்குதுன்னு என் சிநேகிதன் சொல்றானே அம்மிணி?"

"அங்க பாதி வருசம் பனிங்க மாமா. இவளுக்கு மார்கழிக்கே மூச்சு இளைக்குது."

"அவிங்க ஊட்டுக்குள்ள ஹீட்டர் போட்டுக்குவாங்க. ஒருக்காப் பனி உழுந்ததுக்குக் கரண்டு போயி, கம்பளியப் போத்திக்கிட்டு உக்காந்திருந்தது நீங்கதான். வரி இல்லைங்கிற, ஊட்டு வரி தலைக்கு மேல இருக்குதாமா."

அறிவுச்செல்வி அதற்கும் பதில் வைத்திருந்தாள். வெயில் நம் ஊர் மாதிரியே அடிக்கும். கோயில் இருக்கிறது. சம்பளம் கொஞ்சம் குறைந்தாலும் பெரிய வீடு வாங்கலாம். கறிவேப்பிலைச் செடி வாசலிலேயே தழைக்கும்.

"பிளாட் விக்கிறவனாட்டப் பேசறாளே" என்று பூபதி சிரித்தார்.

வேறு யாரும் சிரிக்கவில்லை. தனப்பிரியா சுவர்க்கடிகாரத்தைப் பார்த்தாள்.

ஏன் இவ்வளவு மெதுவாகப் பேசுகிறாய் என்று அம்மா கேட்டாள். காருக்குள் உட்கார்ந்து பேசுவதாக அறிவுச்செல்வி சொன்னாள். வீட்டுக்காரர் தூங்குகிறாராம்.

"ஞாயித்துக்கெழமதான, தூங்கட்டும்" என்றாள் சென்னியம்மாள்.

"அவ இங்கயே வரட்டுங்கப்பா. பக்கத்துல நம்ம ஆளு ஒருத்தர் இருந்தா நல்லதுங்க."

பிறகு, "அவளுக்குத்தான்" என்று அறிவுச்செல்வி சேர்த்துக்கொண்டாள்.

நாச்சிமுத்து இதுவரை வாயைத் திறக்கவில்லை. ஆழ்துளைக் கிணறு தோண்டும் ரிக் வண்டியோடு ஊர் ஊராகப் போய் போர் போட்டே இந்த வீட்டைக் கட்டியவர். வருமான வரி, பனி, பள்ளிக்கூடம் எதுவும் அவருக்குப் பிடிபடவில்லை.

பெண் கொடுக்கிற இடத்தில் அவர் பார்ப்பது ஒன்றைத்தான். அறிவுச்செல்வியைக் கொடுக்கும்போது மாப்பிள்ளை வீட்டுத் தோட்டத்துக்குப் போனார். போர் குழாயின் மூடியைக் கழற்றி ஒரு கல்லைப் போட்டார். எவ்வளவு ஆழத்தில் தண்ணீர் என்று காது வைத்துக் கேட்டார். அதன் பிறகுதான் உப்புச்சர்க்கரை மாற்றி நிச்சயம் செய்தார்கள்.

டெக்சாஸில் யார் போய்க் கல் போடுவது? மகளைத்தான் கேட்க வேண்டும்.

அவர் போனுக்கு நெருக்கமாகக் குனிந்தார்.

"ஏஞ்சாமி, ஊட்டுல தண்ணி எப்படி? தொந்தரவு ஒண்ணும் இல்லையே?"



லைன் போய்விட்டதோ என்று பூபதி திரையைத் தொட்டுப் பார்த்தார். இணைப்பு இருந்தது.

"உங்களுக்கு யாருங்கப்பா சொன்னது?"

நாச்சிமுத்து நிமிர்ந்து மனைவியைப் பார்த்தார். அவளுடைய வாய் லேசாகத் திறந்திருந்தது.

"தெனமும் இல்லீங்கப்பா." அறிவுச்செல்வியின் குரல் அவசரப்பட்டது. "வெள்ளி, சனி மட்டுந்தான். மத்த நாள்ல ஒண்ணுமே இல்லீங்க. ஊட்டுக்கு நம்ம ஆளுக யாராச்சும் வந்து போயிட்டு இருந்தா, அன்னிக்கும் கை நீட்ட மாட்டாருங்க."

நாச்சிமுத்துவின் கை போனை நோக்கிப் போய், தொடாமல் நின்றது.

"அப்பா? இருக்கறீங்களா?"

பூபதியின் சட்டைப் பையில் இருந்த போன் அடித்தது. எடுத்துப் பார்த்தார். ராசிபுரத்துக்காரர்கள்.

வேண்டாம் என்று சென்னியம்மாள் தலையை ஆட்டினாள். எதை வேண்டாம் என்கிறாள் என்று தெரியாமல் பூபதி, அடிக்கிற போனை ஏந்தியபடி அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

தனப்பிரியா டீப்பாயிலிருந்த போனை எடுத்து ஸ்பீக்கரை அணைத்துக் காதில் வைத்துக்கொண்டாள். அந்தப் பக்கம் அக்கா மூச்சு விடுவது கேட்டது.

"டெக்சாஸ்னு சொல்லிருங்க மாமா" என்றாள்.