வாசலுக்கு நேரே ஒரு வேகத்தடை

"முட்டை உடைஞ்சா யார் காசு குடுப்பா? அந்தம்மாவா?"

முட்டை வண்டிக்காரர் எழுந்து நின்று கத்தினார். அவர் சொன்ன தையல்காரம்மா இரண்டு பெஞ்சு தள்ளித்தான் உட்கார்ந்திருந்தார். ஆனால் கத்தியது அவரைப் பார்த்து அல்ல, திட்ட அதிகாரியைப் பார்த்து.

அதிகாரி இளம்பெண். பேட்டைக்கு என்ன வேண்டும் என்பதைப் பேட்டைக்காரர்களே முடிவு செய்யட்டும் என்று நகராட்சிக்குத் திடீரென்று ஞானம் பிறந்து, அவரை அனுப்பி வைத்திருந்தது. கூட்டம் தொடக்கப் பள்ளி வகுப்பறையில். குழந்தைகள் பெஞ்சில் பெரியவர்கள் முழங்கால் முகவாயில் இடிக்க உட்கார்ந்திருந்தார்கள். மேசைமேல் பேட்டையின் வரைபடம். விளக்கு வேண்டிய இடத்தில் மஞ்சள் ஸ்டிக்கர், மரத்துக்குப் பச்சை, வேகத்தடைக்குச் சிவப்பு.

மஞ்சளும் பச்சையும் ஒருவழியாக முடிந்துவிட்டன. பாக்கி ஒரே ஒரு சிவப்பு ஸ்டிக்கர். பின் தெருவில் தன் வீட்டு வாசலுக்கு நேரே தையல்காரம்மா ஒட்டியது.

"அந்தத் தெருவுல போற வர்றவங்கள்ல ஒருத்தர் ஆட்சேபனை சொன்னாலும் ஸ்பீட் பிரேக்கர் போட முடியாது. அதான் ரூல்," என்றார் அதிகாரி. "ரெண்டு பேரும் பேசி ஒரு முடிவுக்கு வாங்க."

இருவரும் பேசினார்கள், அதிகாரியிடம்.

"ஒரு வேன் தினம் என் வாசல்ல தலைதெறிக்கப் போகுதுன்னு சொல்லுங்க மேடம்," என்றார் தையல்காரம்மா.

"ட்ரே ட்ரேயா முட்டையை அடுக்கிக்கிட்டு எவனாவது தலைதெறிக்கப் போவானான்னு கேளுங்க மேடம்."

"அப்ப ஸ்பீட் பிரேக்கர் வந்தா என்ன கஷ்டமாம்? அதையும் கேளுங்க."

இடமும் வலமும் திரும்பித் திரும்பி அதிகாரிக்குக் கழுத்து வலித்தது.

"அங்க குழந்தைங்க விளையாடுறாங்களாம்மா?"

"எங்க தெருவுல ஏது குழந்தைங்க? எல்லாம் என்னை மாதிரி கிழங்கட்டைதான்."

"விபத்து ஏதாவது?"

"இதுவரைக்கும் ஒரு பூனைகூட அடிபட்டதில்ல மேடம்," என்றார் சலூன்காரர். தையல்காரம்மா முறைத்த முறைப்பில் வாயை மூடிக்கொண்டார்.

"சரி, வாசல்ல வேணாம், தெரு முனையில போட்டுடலாமா? வண்டி அங்கேயே மெதுவாயிடும்."

"முனையில யாரு இருக்கா? என் வாசல்லதான் வேணும். என் தையல் மெஷின் இருக்கிற ஜன்னலுக்கு நேரா."

"இல்லன்னா 'மெதுவாகச் செல்லவும்'னு ஒரு போர்டு?"

"போர்டைப் படிச்சுத் திருந்துற ஜென்மமா அது?"

வண்டிக்காரரின் காது சிவந்தது. "மேடம், அளந்து பேசச் சொல்லுங்க!"

அதிகாரி கூட்டத்தைப் பார்த்தார். "நீங்கல்லாம் என்ன சொல்றீங்க? உங்க பேட்டைதானே?"

காலை முழுக்க ஒரு வேப்பங்கன்றுக்காகத் தொண்டை கிழியப் பேசிய கூட்டம் இப்போது மூச்சு விடவில்லை. சலூன்காரர் மின்விசிறியைப் பார்த்தார். மளிகைக்கடைக்காரர் மனைவி கைப்பையின் ஜிப்பைத் திறந்து திறந்து மூடினார்.

"இது நாங்க கை தூக்கித் தீர்ற விவகாரம் இல்ல மேடம்," என்றார் சலூன்காரர் கடைசியில்.

நல்ல மக்கள்! கேட்காதபோது ஆளுக்கொரு பக்கம் இழுப்பார்கள், கேட்டால் வாயைத் தைத்துக்கொள்வார்கள். அதிகாரிக்கு எரிச்சல் பொத்துக்கொண்டு வந்தது.

தையல்காரம்மா குரலை இறக்கினார். "நான் விளக்கு கேக்கல, மரம் கேக்கல. என் வாசல்ல அந்த வண்டி கொஞ்சம் மெதுவா போகணும், அவ்வளவுதான். இதுவும் இல்லன்னா நான் யாருகிட்ட போய்க் கேப்பேன்?" கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார்.

வண்டிக்காரர் சட்டென்று கரும்பலகைப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

பாவமாக இருந்தது. அதிகாரி பென்சிலை எடுத்துக்கொண்டு வரைபடத்தின் மேல் குனிந்தார்.

"உங்க குடோன் எங்க இருக்கு?"

வண்டிக்காரர் வந்து விரலால் காட்டினார்.

"முட்டை போடுற கடைங்க?"

அவற்றையும் காட்டினார். எல்லாமே மெயின் ரோட்டில் இருந்தன.

"பின் தெருவுல உங்களுக்கு ஒரு கடைகூட இல்லையே! மெயின் ரோட்டுலயே போனா பாதி தூரம். எதுக்கு இப்படிச் சுத்திக்கிட்டுப் போறீங்க?"

வண்டிக்காரர் வரைபடத்தின் மேல் விரலைத் தேய்த்தார். "பழக்கம் மேடம்."

"அட, பழக்கத்தை மாத்திக்கலாங்க!" அதிகாரிக்கு உற்சாகம் தாங்கவில்லை. "பின் தெருவுல வேன் வரக்கூடாதுன்னு தடை போட்டுடறேன். உங்க முட்டையும் உடையாது, இவங்களுக்கும் தொல்லை விட்டது. முடிஞ்சது விஷயம்!"

"ஐயையோ, வேணாம் மேடம்!"

ஒரு குரல் இல்லை, இரண்டு. தையல்காரம்மா பெஞ்சு சாய எழுந்து ஓடிவந்தார். அதிகாரியின் பென்சிலைத் தடுக்க நீட்டிய அவர் கை வண்டிக்காரரின் கைமேல் பட்டது. வண்டிக்காரர் கையை இழுத்துக்கொண்டார்.



"எனக்கு ஆட்சேபனை இல்லைன்னு எழுதிக்குங்க மேடம்," என்றார் வண்டிக்காரர், தலையை நிமிர்த்தாமல். "ரொம்ப உயரமா மட்டும் வேணாம்." அதற்குமேல் நிற்காமல் வெளியேறிவிட்டார். வாசலில் வேன் கிளம்பும் சத்தம் கேட்டது.

அதிகாரிக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. "ஏம்மா, அவரை உங்களுக்கு முன்னாடியே தெரியுமா?"

தையல்காரம்மா சிவப்பு ஸ்டிக்கரைக் கட்டைவிரலால் அழுத்தி ஒட்டினார்.

"பத்து மாசம் சுமந்து பெத்தவளுக்குத் தெரியாதா? அவன் கல்யாணத்துல வந்த சண்டை, பேச்சு நின்னு வருஷக்கணக்காச்சு. தினம் என் வாசல் வழியாத்தான் போறான், ஆனா அந்த வேகத்துல அவன் முகத்தை நான் எங்க மேடம் பாக்கறது?"