லிஃப்டில் மாட்டிய மாமியார்

‘மார்ச் 12, செவ்வாய். இன்று ஒரு சின்னத் தவறு. வகுப்பில் முதல் ஆளாக வாயைத் திறந்துவிட்டேன்.’

பேருந்து நிறுத்தத்தில் உட்கார்ந்து இவ்வளவு எழுதியதும் அவளுக்குக் கை ஓடவில்லை.

மாலை நேரச் சிறுகதை வகுப்பின் கடைசி நாள் அது. அதிகக் கைகள் உயரும் கதையை எழுதியவருக்கு மட்டுமே மேல்வகுப்பில் இடம். அந்த இடத்துக்காக அவள் தூக்கத்தைத் தொலைத்திருந்தாள். கதைகளில் எழுதியவர் பெயர் இருக்காது.

லிஃப்டில் மாட்டிக்கொண்ட மாமியாரும் மருமகளும் சமாதானமாகிற கதையை ஆசிரியர் வாசித்து முடித்தார். எல்லோரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். அவளே முதலில் வாயைத் திறந்தாள்.

“சுத்தப் பொய் சார்! லிஃப்ட் நின்னா அலாரம் பட்டனைத் தேடுவாங்களா, மன்னிப்புக் கேப்பாங்களா?” என்றாள்.

வகுப்பே சிரித்தது.

“எனக்குப் பிடிச்சுதான் இருந்துச்சு,” என்று இழுத்தார் கூடப் படிக்கும் பேக்கரிக்காரர். “ஆனா தங்கச்சி சொன்னா சரியாத்தான் இருக்கும்.”

“இல்லண்ணே, என்ன பிடிச்சுது? சொல்லுங்க!” கெஞ்சாத குறையாகக் கேட்டாள்.

“விடும்மா. நீ பிரிச்சு மேஞ்சப்புறம் நான் என்னத்தச் சொல்ல?”

அந்தக் கதைக்கு ஒரு கைகூட உயரவில்லை. இடம் பக்கத்து மேசைக்காரிக்குப் போனது.

“லிஃப்ட் கதை யாரோடது? வந்து வாங்கிக்கங்க,” என்றார் ஆசிரியர்.

அவள்தான் எழுந்து போனாள்.

இப்போது மீண்டும் பேனாவை எடுத்தாள்.

‘யாராவது ஒருவர் மறுத்துச் சண்டைக்கு வருவார் என்று நம்பித்தான் சொன்னேன். நாளை: மருமகள் முதலில் அலாரம் பட்டனைத் தேடுவதாக மாற்றி எழுத வேண்டும்.’