விளக்கம் கேட்ட பெரியவர்

"நவீன ஓவியத்துக்கு உசுரே சொல்லுதான். நான் விளக்கலேன்னா இந்தத் தேனி ஜில்லாவுல ஒருத்தனுக்கும் புரியாது" என்று தேனி கண்காட்சியில் ஓவியர் ஏசுதாசன் அறிவித்தார்.

மூன்று நாளாக விளக்கியும் ஒரு படம்கூட விற்கவில்லை. இன்றும் விற்காவிட்டால், நாளை முதல் போடியில் அப்பாவின் கடையில் ஏலக்காய் தரம் பிரிக்க வேண்டியதுதான்.

அந்த நேரம் பார்த்து, காது கேளாதவர்கள் சிலரை சுகிர்தம் டீச்சர் அழைத்து வந்தார். ஒவ்வொரு படத்தையும் கைச்சைகையாலேயே விளக்கினார்.

"கையை ஆட்டினா கலை புரிஞ்சிருமா டீச்சர்? விரலுக்கு என்ன வாயா இருக்கு?" என்று ஏசுதாசன் சிரித்தார்.

அப்போது தோளில் துண்டோடு ஒரு பெரியவர் ஏசுதாசனின் படம் ஒன்றின் முன் வந்து நின்றார். ஏசுதாசன் பாய்ந்தார். முக்கோணங்கள் மனிதகுலத்தின் தனிமை என்றார். பெரியவர் தலையாட்டினார். சிவப்பு வட்டம் காலத்தின் காயம் என்றார். அதற்கும் ஆட்டினார். ஏசுதாசனுக்குக் கண் கலங்கிவிட்டது.

"பாத்தீகளா டீச்சர்? காது குடுத்துக் கேட்டுப் புரிஞ்சுக்கிட்ட மனுசன்!"

"இவுக கம்பத்து மாட்டு வியாபாரி நூர் முகம்மது. எங்ககூட வந்தவுகதான், பொறந்ததுல இருந்தே காது கேக்காது. மரியாதைக்குத் தலையாட்டுறாக. படம் ரொம்பப் பிடிச்சிருக்காம். நீங்கதான் முன்னாடி நின்னு மறைக்கிறீகளாம்."

ஏசுதாசன் ஒதுங்கினார். பெரியவர் படத்தை ஆசை தீரப் பார்த்தார். பிறகு, துண்டுக்குள் விரல் பிடித்து விலை பேசும் சந்தைப் பழக்கத்தில், வலது கையைத் துண்டால் மூடி நீட்டினார்.

ஏசுதாசன் சுற்றுமுற்றும் பார்த்தார். வாயைத் திறக்காமல் துண்டுக்குள் கையை விட்டு, பெரியவரின் விரல்களைப் பிடித்தார்.