எதிர்க் கடை சூப்

"இன்னைக்கு உப்பு தூக்கல். காரட்டை வேற விறகு மாதிரி வெட்டிப் போட்டிருக்கான். அதுக்கு சூப்புன்னு பேரு."

வாயைத் துடைத்துக்கொண்டே உள்ளே வந்த கணவரை, கல்லாவில் உட்கார்ந்திருந்தவள் நிமிர்ந்து பார்க்கவில்லை. முகம் மட்டும் சிவந்துவிட்டது.

"பிடிக்கலேன்னா விட்டுட வேண்டியதுதானே. தினமும் ரோட்டைத் தாண்டிப் போய், காசு குடுத்து எதுக்குக் குடிக்கணும்?"

"எதிரி என்ன செய்றான்னு தெரிய வேணாமா?"

சொல்லிவிட்டு அவர் கொல்லைப்பக்கம் போனார். அங்கே உரக்குழி இருந்தது. அதுதான் அவருடைய ராஜ்ஜியம். சமையலறையிலிருந்து வரும் தோலையும் காம்பையும் கொட்டி, காலையும் மாலையும் கிளறிவிட்டு, பெற்ற பிள்ளைக்குச் சோறூட்டுகிற மாதிரி அதைப் பார்த்துப் பார்த்து வளர்ப்பார்.

ஐந்தே மேசை போட்ட சின்ன உணவகம் அவர்களுடையது. மருந்து படாத காய்கறி, அதற்கு ஒரே ஒரு தோட்டக்காரர். அவர் நிலத்தில் எது விளைந்தாலும், எவ்வளவு விளைந்தாலும், கோணலோ பூச்சி கடித்ததோ, அத்தனையையும் எடுத்துக்கொள்கிறேன் என்று கடை திறந்த அன்றைக்கே கணவர் வாக்குக் கொடுத்துவிட்டார். கொடுத்த வாக்கை மாற்றுகிற பழக்கம் அந்த மனிதருக்குக் கிடையாது.

எதிரே கண்ணாடிக் கதவும் குளிரூட்டிய கூடமுமாகப் பெரிய உணவகம் வந்ததிலிருந்து இங்கே ஈ ஓட்டாத குறைதான். கூட்டம் போய்விட்டது, கூடைகள் மட்டும் குறையாமல் வந்தன. பாதி போதும் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், தோட்டக்காரர் மீதி நிலத்தை மருந்தடிக்கிறவர்களுக்குக் குத்தகைக்கு விட்டுவிடுவார். அப்படி ஒன்று நடந்தால் கணவர் உடைந்துபோவார் என்று அவளுக்குத் தெரியும்.

அதனால் அவள் துணிந்து ஒரு காரியம் செய்தாள். மிஞ்சிய காய்களை எல்லாம் சூப்பாக வைத்து எதிர்க் கடைக்கே விற்றாள். கணவர் காலிக் கூடைகளோடு தோட்டத்துக்குப் போயிருக்கும் காலை நேரத்தில், எதிர்க் கடைத் தள்ளுவண்டி சத்தமில்லாமல் பின்வாசலுக்கு வரும், அண்டாவோடு போகும். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பதாகச் சொல்வார்கள். அவள் சூப்பில் மறைத்தாள்.

எதிர்க் கடையில் 'இயற்கைக் காய்கறி சூப்' என்று பலகை தொங்கியதும், கணவர் வேவு பார்க்கிறேன் என்று கிளம்பினார். அன்று பிடித்த வழக்கம் இன்றுவரை விடவில்லை. தினமும் குடிப்பார், தினமும் வந்து குறை சொல்வார். யாரைத் திட்டுகிறோம் என்று அந்த அப்பாவிக்குத் தெரியவில்லையே என்று முதல் நாள் அவள் அடுப்படியில் நின்று அழுதாள். பிறகு, அவர் சொன்ன குறையை மறுநாள் சமையலில் சரிசெய்யப் பழகிக்கொண்டாள். உப்பு குறைந்தது, மிளகு ஏறியது. போன வாரம் எதிர்க் கடைக்காரர் இரண்டாவது அண்டா கேட்டுவிட்டார்.

கணவர் கை கழுவிக்கொண்டு திரும்பி வந்தார்.

"நாளைக்குக் காலைல நான் தோட்டத்துக்குப் போகல. அந்த சூப்பு வைக்கிற ஆளை நேர்லயே பாத்து நாலு வார்த்தை பேசிடப் போறேன்."

அவள் சாயங்காலமே எதிர்க் கடைக்காரருக்குப் போன் போட்டு, நாளை முதல் சூப் கிடையாது என்று சொல்லிவிட்டாள். அவர் கெஞ்சியும் பார்த்தார். அவள் மசியவில்லை. எதிரிக்குச் சமைத்துப் போட்டது தெரிந்தால் கணவர் கத்துகிற ஆள் இல்லை, பேசாமல் இருந்துவிடுவார். அவளுக்கு அதுதான் பயம். ஆனால் வந்து குவியும் கூடைகளை இனி எங்கே கொண்டுபோய் வைப்பது, தோட்டக்காரருக்கு என்ன பதில் சொல்வது என்றும் புரியவில்லை.

மறுநாள் காலை சமையலறை மூலையில் பூசணிக்காய்கள் அப்படியே கிடந்தன. அவள் கத்தியைத் தொடாமல் உட்கார்ந்திருந்தாள். கொல்லையிலிருந்து கணவர் காலி வாளியோடு வந்தார்.

"என்னம்மா, இன்னைக்குத் தோலே வரலியே?"

"சாப்பிட ஆள் வந்தாத்தானே தோல் வரும். வியாபாரம் மந்தம்."

"இத்தனை மாசமா ஆள் வராமலே என் குழி நிரம்பி வழிஞ்சுதே. காயை மறைச்சியே, தோலை யார் குழில கொட்டறோம்னு யோசிச்சியா?"

அவர் முக்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, ஒரு பூசணிக்காயை மடியில் வைத்துத் தோல் சீவ ஆரம்பித்தார்.

"அடுப்பைப் பத்த வை. வண்டி வரும், எதிர்க் கடைல நான் பேசிட்டேன். அண்டாவும் ரெண்டாயிடுச்சு, நீ ஒத்தையா எத்தனை நாள்தான் நறுக்குவே? அதான் ஆளை நேர்ல பாக்கணும்னு சொன்னேன்."

அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது. கூடவே கோபமும் வந்தது.

"எல்லாம் தெரிஞ்சுக்கிட்டேதான் தினமும் என்னைத் திட்டுனீங்களா?"

"உன் சமையல்னு சொல்லிக் குறை சொன்னா நீ கேப்பியா? அவன் சமையல்னு சொன்னதால ரோஷத்தோட திருத்துனே." அவர் சீவிய தோலைப் பத்திரமாக வாளியில் போட்டார். "திட்டினதெல்லாம் இங்கதாம்மா. ஆரம்பத்துல அங்க ஒருத்தரும் உன் சூப்பைச் சீண்டல. நான்தான் தினமும் நடுமேசையில உக்காந்து, 'இந்த மாதிரி சூப்பு எங்கயும் கிடைக்காது'ன்னு எல்லார் காதுலயும் விழற மாதிரி சொல்லிச் சொல்லி, ரெண்டாவது கிண்ணம் கேட்டுக் குடிச்சேன்."