காற்றோட்டமான வீடு

அனல்மின் நிலையத்தை விரிவாக்கப் போகிறார்கள் என்ற செய்தி வந்ததிலிருந்து தரகரால் அந்தப் பக்கம் ஒரு வீட்டையும் தள்ளிவிட முடியவில்லை. கடைசியாக வந்தவரும் ஜன்னல் விளிம்பை விரலால் தடவிப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார்.

"என்னய்யா இது, கையெல்லாம் கரியா ஒட்டுது?"

"துடைச்சா போயிடும் சார். நல்ல காத்தோட்டமான வீடு."

"அந்தக் காத்துதான்யா பயமே. என் குழந்தைக்கு வீசிங் இருக்கு. இன்னும் ரெண்டு புகைபோக்கி வந்தா இங்க மனுஷன் இருப்பானா?"

இவர் நம் கட்சிதான் என்று தரகருக்கு மனம் குளிர்ந்தது. "நாளைக்குக் கருத்துக் கேட்புக் கூட்டத்துல இதையே பேசுங்க சார். திட்டம் நின்னுட்டா இந்த வீடு தங்கம்."

"கூட்டத்துக்குக் கண்டிப்பா வருவேன்" என்றவர், வீடு வேண்டாமென்று கிளம்பிவிட்டார்.

சொன்னபடியே மறுநாள் வந்தார். நேராக மேடையேறி மைக்கைப் பிடித்தார்.

"மின் நிலையத்தின் சுற்றுச்சூழல் அதிகாரி என்ற முறையில் சொல்கிறேன். விரிவாக்கத்தால் ஒரு பொட்டுத் தூசுகூட வெளியே வராது. பச்சைக் குழந்தையோடுகூட இங்கே நிம்மதியாகக் குடியிருக்கலாம்."

கேள்வி கேட்க முதல் ஆளாக எழுந்தார் தரகர்.

"ரொம்ப சந்தோஷம் சார். நேத்து நீங்க பார்த்த வீடு இன்னும் காலியாத்தான் இருக்கு. குழந்தையோட எப்ப குடி வர்றீங்க?"