பெரியக்காவுக்கு இரங்கல் கூட்டம்

"ஒரு சாவுக்கு வந்து தலையைக் காட்டத் தெரியாதவளெல்லாம் ஒரு மனுஷியா?" என்று கேட்டார் குடியிருப்புச் சங்கத்தின் செயலாளர் அம்மா.

அடுக்குமாடிக் குடியிருப்பின் கீழ்த்தளக் கூடத்தில் பதினோரு பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். மேசைமேல் ஒரு படம், படத்துக்கு மாலை, முன்னால் மெழுகுவர்த்தி.

படத்திலிருந்தவர் அங்கே யாருக்கும் சொந்தமில்லை. தினமும் எட்டு மணி சீரியலில் வரும் பெரியக்கா. ஏழு வருஷமாக வந்துகொண்டிருந்தவர், நேற்று விளம்பர இடைவேளை முடிந்த கையோடு ஆஸ்பத்திரிக் கட்டிலில் கண்ணை மூடிவிட்டார்.

சிரிக்க வேண்டாம். முதல் மாடி டெய்லர் அக்கா காலையிலிருந்து பச்சைத் தண்ணி பல்லில் படாமல் இருக்கிறார்.

"என் சொந்த அக்கா போனப்பகூட நான் இப்படி அழல," என்றார் அவர், மூக்கைச் சிந்தியபடி. உண்மைதான். சொந்த அக்காவோடு அவருக்குப் பேச்சுவார்த்தையே இல்லை.

"ஆபரேஷன் ஆகி நான் படுத்திருந்தப்போ, அவ பேசறதைக் கேட்டுத்தான் தெம்பு வந்துச்சு. பெத்த புள்ளைகூட என்கிட்ட அப்படி வாஞ்சையா பேசினதில்ல," என்றார் செயலாளர் அம்மா.

ஒரு நிமிஷம் மௌனமாக எழுந்து நின்றார்கள். உட்கார்ந்ததும் செயலாளர் அம்மா விஷயத்துக்கு வந்தார். மூன்றாம் மாடி ஊமைக்கோட்டான்.

அந்தப் பெயரை வைத்தவர் அவர்தான். வாடகைக்கு வந்து மூன்று வருஷமாகியும் யாரிடமும் ஒரு வார்த்தை பேசாதவளை வேறெப்படிக் கூப்பிடுவது? பிறவி ஊமையும் இல்லை. வெளிநாட்டிலிருக்கும் வீட்டுச் சொந்தக்காரரிடம் போனில் பேசித்தான் வீடு பிடித்தாளாம். ஆனால் படிக்கட்டில் பார்த்தால் ஒரு தலையாட்டல், ஒரு சிரிப்பு. அத்தோடு சரி.

"லிஃப்ட்ல மாட்டிக்கிட்டு நான் அரை மணி நேரம் கத்துறேன். கூட நின்னவ முதுகைத் தடவிக் குடுக்கறா. 'பயப்படாதீங்க'ன்னு வாயால சொன்னா முத்து உதிர்ந்துடுமா?" என்றார் டெய்லர் அக்கா.

"போன வருஷம் பெரியக்காவோட தம்பி லாரியில அடிபட்டுச் செத்தப்பவும் கூட்டத்துக்கு வரல. இன்னிக்கும் வரல. அத்தனையும் தலைக்கனம்," என்றார் செயலாளர் அம்மா.

"அவங்களுக்கு ஏதாச்சும் கஷ்டம் இருக்கும்க்கா..." என்று இழுத்தாள் இரண்டாம் மாடிப் புது மருமகள். பக்கத்திலிருந்த மாமியார் பார்த்த பார்வையில் வாக்கியம் பாதியில் நின்றது.

குடியிருப்பில் ஒரு விதி உண்டு. வாடகைக்கு இருப்பவர்கள் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்க வேண்டுமானால் சங்கம் சம்மதக் கடிதம் தர வேண்டும். இந்த மாதம் மூன்றாம் மாடியின் முறை. சம்மதமில்லை என்று செயலாளர் அம்மா எழுதியே கொண்டுவந்திருந்தார். காரணம்: 'மற்றவர்களுடன் ஒட்டாமை.'

இரங்கல் நோட்டோடு சேர்ந்து அந்தத் தாளும் சுற்றி வந்தது. பதினோரு பேரும், புது மருமகள் உட்பட, ஈரக் கண்ணோடு இரண்டிலும் கையெழுத்துப் போட்டார்கள்.

வாட்ச்மேன் போய் மூன்றாம் மாடிக்காரியை அழைத்துவந்தார். அவள் தாளை வாங்கி நின்றபடியே படித்தாள்.

"மாசக் கடைசிக்குள்ள காலி பண்ணிடணும்," என்றார் செயலாளர் அம்மா. "ஏதாவது சொல்லணும்னா இப்பவாவது வாயைத் திறந்து சொல்லு."

அவள் கொஞ்சம் தயங்கினாள்.

"பொண்ணுக்கு அடுத்த மாசம் பரீட்சைங்க. அது முடியற வரைக்கும் இருந்துக்கறேன். இப்போ வீடு மாத்தினா அவ படிப்பு கெட்டுடும்."

டெய்லர் அக்கா வெடுக்கென்று படத்தைத் திரும்பிப் பார்த்தார். கூடத்தில் பேசியது பெரியக்கா. அதே குரல், அதே கனிவு, முடிக்கும்போது வரும் அதே லேசான கரகரப்பு.

"அந்த நடிகைக்கு நம்ம பாஷை தெரியாதுங்க. ஏழு வருஷமா அவங்களுக்குக் குரல் குடுத்தது நான்தான். தொண்டையில கட்டி வந்து மூணு வருஷமாச்சு. வேலை நேரம் போக வாயைத் திறந்தா குரலே போயிடும்னு டாக்டர் சொல்லிட்டார். பெத்த பொண்ணுகிட்டகூட எழுதித்தான் காட்டுவேன்."

அவள் மேசைமேலிருந்த படத்தைப் பார்த்தாள்.

"பெரியக்கா செத்ததுல எனக்கு வேலையும் போச்சு. இனிமே இந்தக் குரலை யாருக்குன்னு பொத்திப் பொத்தி வைக்கிறது? அதான் பேசிட்டேன்."

அவ்வளவுதான். கூட்டம் மொத்தமும் எழுந்து ஓடிவந்து அவளைச் சூழ்ந்துகொண்டது. டெய்லர் அக்கா காலில் விழாத குறை. செயலாளர் அம்மா அவள் கைகளைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டு தேம்பினார்.

"என் தாயே, இத்தனை நாள் எங்க தலைக்கு மேலயா இருந்தே?"

அவளுக்கும் கண் கலங்கியது. அந்தக் கட்டடத்தில் ஒருவர் அவளைத் தொட்டுப் பேசுவது இதுதான் முதல் தடவை. நம்பிக்கை வந்து, கையிலிருந்த தாளை மெல்ல நீட்டினாள்.

"அப்போ இதை வாபஸ் வாங்கிக்கறீங்களா?"

செயலாளர் அம்மா தாளைப் பார்த்தார்.

"பதினோரு கையெழுத்து விழுந்தாச்சேம்மா. சங்கத்துக்குன்னு ஒரு மரியாதை இருக்கில்ல?"

மூக்கை உறிஞ்சிக்கொண்டே செல்போனை எடுத்து அவள் வாய்க்கு நேரே பிடித்தார்.

"அதை விடு. நேத்து சாகறதுக்கு முன்னாடி பேசினியே, அதை மட்டும் இன்னொரு தடவை பேசிட்டுப் போ. ரெக்கார்ட் பண்ணி வெச்சுக்கறேன்."